‘விபத்து’ என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்

எங்கள் வழக்கறிஞர் அலுவலக நடைவழியில் ஏழு மாதங்களாக ஒரு மிதிவண்டி சுவரில் சாய்ந்து நிற்கிறது. முன்சக்கரம் நெளிந்து சட்டகத்தை உரசிக்கொண்டிருக்கிறது. ஹேண்டில்பாரின் வலது முனையில் ரப்பர் பிடி கிழிந்து, அந்தக் கிழிசலில் நகக்கண் அளவுக்கு வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. வழக்கு முடியும்வரை அதைத் துடைக்கவோ பழுது பார்க்கவோ கூடாது என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர் அனுமதியோடு இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் என்னிடம் கொண்டுவந்த காவல்துறைப் பதிவில் இருந்தது ஒரே வாக்கியம்: முன்னால் சென்ற காரின் பின்புறத்தில் மோதி, நிலை தடுமாறிக் கீழே விழுந்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, ஆனால் நடந்தது அதுவன்று. பின்னாலிருந்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த கார், பக்கவாட்டுக் கண்ணாடி ஹேண்டில்பாரில் உரசும்படி நெருங்கிக் கடந்து, சட்டென்று அவருக்கு முன்னால் வெட்டி நுழைந்து பிரேக் போட்டது. அந்த முறை அவர் சமாளித்து நின்றுவிட்டார். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி வசைபாடிவிட்டுக் கிளம்பினார். சற்றுத் தொலைவு சென்றதும் மறுபடியும் அதே போல முன்னால் வந்து பிரேக் போட்டார். இரண்டாவது முறை மோதியதில் இவருடைய காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்தவர்தான் இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்ற வழக்கமான கணக்கில், அடிபட்டவரே குற்றவாளிபோல ஆகிவிட்டார்.

‘நாய் குறுக்கே வந்தது, அதனால் பிரேக் போட்டேன்’ என்பது ஓட்டுநரின் விளக்கம். எங்கள் கட்சிக்காரர் தினமும் ஓட்டிய தூரத்தைப் பதிவு செய்யும் பழக்கமுள்ளவர் என்பது நல்வாய்ப்பு. அவருடைய கைப்பேசிச் செயலியின் ஜிபிஎஸ் பதிவில், மணிக்கு 26 கிலோமீட்டர் வேகம் ஒரே மூச்சில் பூஜ்யத்துக்கு இறங்குவது ஒரு முறையன்று, ஏறத்தாழ 300 மீட்டர் இடைவெளியில் இரு முறை தெரிகிறது. ஒரு பிரேக்குக்கு நாய் காரணமாக இருக்கலாம்; இரண்டாவதற்கும் இன்னொரு நாயைத் தேட வேண்டிய நிலைக்கு எதிர்த்தரப்பு வந்தது.

கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என்பதில்தான் இத்தகைய வழக்குகள் நிற்கின்றன. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 281-ஆம் பிரிவு, பொதுவழியில் முரட்டுத்தனமாகவோ அசட்டையாகவோ வண்டி ஓட்டுவதற்கு அதிகபட்சமாக 6 மாதச் சிறை, அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டையும் விதிக்கிறது. அதே சட்டத்தின் 118-ஆம் பிரிவு, ஆயுதமாகப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக்கூடிய கருவியைக் கொண்டு வேண்டுமென்றே காயப்படுத்துவதைப் பற்றியது; கொடுங்காயமாக இருந்தால் தண்டனை ஆயுள்சிறை வரை செல்லும். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரை அந்த வரையறைக்குள் கொண்டுவர வாதிட இடமுண்டு என்றாலும், நிலையத்தில் எழுதும் முதல் தாளில் ‘விபத்து’ என்ற சொல் விழுந்துவிட்டால், விசாரணை முழுவதும் 281-ஆம் பிரிவின் பாதையிலேயே போய்விடுகிறது.

இவ்வகை வழக்கில் நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது, லாஸ் ஏஞ்சலிஸ் மாண்டவில் கேன்யன் சாலையில் 2008 ஜூலை 4 அன்று நடந்த சம்பவம். மருத்துவர் ஒருவர் இரண்டு மிதிவண்டி ஓட்டிகளுக்கு முன்னால் காரைக் கொண்டுவந்து திடீரென்று பிரேக் போட்டார்; ஒருவரின் முகம் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு மோதியது, மற்றவர் சாலையில் வீசப்பட்டார். தாம் தாக்கவில்லை என்றே அவர் நீதிமன்றத்தில் வாதிட்டார். ஆனால் அவர்களுக்குப் பாடம் புகட்டவே நிறுத்தியதாக அவர் சம்பவ இடத்தில் சொன்னதைக் காவலர் சாட்சியமாகச் சொன்னார். அதற்குச் சில மாதங்கள் முன்பு அதே சாலையில் அவரால் இதே போல விரட்டப்பட்ட வேறு மிதிவண்டி ஓட்டிகளும் வந்து சாட்சி சொன்னார்கள். காரையே கொடிய ஆயுதமாகக் கொண்டு தாக்கியது உள்ளிட்ட குற்றங்கள் 2009-இல் மெய்ப்பிக்கப்பட்டன. 2010 ஜனவரியில் 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்த முந்தைய சம்பவத்தில் எவருக்கும் பெரிய காயமில்லை என்று விட்டிருந்தால் இந்தத் தீர்ப்புக்கு வலுவே இருந்திராது. ஆகவேதான், அடிபடாமல் தப்பியவர்களும் எழுத்தில் ஒரு புகாரைப் பதிந்துவைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

அதே நகரம் 2011-இல் ஓர் அவசரத் தேவையை உணர்ந்து, மிதிவண்டி ஓட்டிகளைத் துன்புறுத்துவோர் மீது பாதிக்கப்பட்டவரே உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம் என்று விதி செய்தது. உண்மை இழப்பின் மூன்று மடங்கு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது அதிகமோ அது கிடைக்கும். வென்றால் வழக்கறிஞர் கட்டணமும் துன்புறுத்தியவர் தலையில் விழும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிறு காயத்துக்கும் மிரட்டலுக்கும் வழக்கு நடத்தினால் கிடைக்கும் தொகையைவிடச் செலவு அதிகமாகும் என்று எங்களைப் போன்றவர்கள் கைவிரித்துவிடுவதே, சாலையில் இந்தத் துணிச்சல் வளர்வதற்கு ஒரு காரணம். (தொழில்முறையில் ஒப்புக்கொள்ளச் சங்கடமான விஷயம்தான்.)

இதில் ஒரு பொறியும் உண்டு. பிறருக்கு விளைவித்த இழப்பை ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு பொதுவாக எதிர்பாராமல் நேர்ந்ததற்கே உரியது. காப்பீடு செய்தவர் வேண்டுமென்றே விளைவித்த தீங்குக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று கலிபோர்னியக் காப்பீட்டுச் சட்டத்தின் 533-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. உள்நோக்கத்தை நிரூபித்து வென்றுவிட்டு, பணம் வாங்க ஓட்டுநரின் வெறும் சட்டைப் பையைப் பார்க்க நேரிடலாம். அதனால் இழப்பீட்டு மனுவில் உள்நோக்கத்தையும் கவனக்குறைவையும் மாற்று நிலைப்பாடுகளாகச் சேர்த்தே வைப்பது வழக்கம். பாதிக்கப்பட்டவர் புகாரில் தாமாக எந்த முத்திரையும் குத்த வேண்டியதில்லை. ‘என்னைக் கொல்லப் பார்த்தார்’ என்பதும் வேண்டாம், ‘விபத்து நேர்ந்தது’ என்பதும் வேண்டாம். ஹாரன் எத்தனை முறை, எந்தப் பக்கமாகக் கடந்தார், எவ்வளவு இடைவெளி, முன்னால் சாலை காலியாக இருந்ததா, வாயிலிருந்து வந்த சொற்கள் எவை என்று வரிசையாக எழுதினால் போதும். வசைச்சொல்லை ‘தகாத வார்த்தைகள்’ என்று நாகரிகமாகச் சுருக்காமல் கேட்டபடியே எழுதவேண்டும். கோபத்தின் திசை அதில்தான் இருக்கிறது.

அன்றிரவே எழுதிவிடுவது நல்லது. கடைகளின் கண்காணிப்புக் கேமராக்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கடிதம் போக வேண்டும். காரை யார் ஓட்டினார் என்பதைப் பதிவெண் மட்டும் சொல்லிவிடாது என்பதால், ஓட்டுநரின் முகம், உடை, உடனிருந்தவர் ஆகியவற்றையும் குறித்துவைக்க வேண்டும். பிரிட்டனில் சந்தேகிக்கப்படும் ஓட்டுநரின் பெயரைக் காவல்துறை கேட்டால், வண்டியின் பொறுப்பாளர் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172-ஆம் பிரிவில் உள்ளது. ஆனால் வழக்குத் தொடரும் உத்தேசத்துக்கான காவல்துறை அறிவிப்பு பொதுவாக 14 நாட்களுக்குள் வண்டியின் பொறுப்பாளரிடமோ ஓட்டுநரிடமோ போய்ச் சேர வேண்டும் என்பதால், கேமராக் காட்சியைத் தாமதமாகக் கொடுப்பவர்களின் உழைப்பு வீணாகிறது.

காரைத் துரத்திச் சென்று கண்ணாடியில் தட்டாதீர்கள். அந்தத் தட்டல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தாம்தான் அஞ்சிப்போனதாக ஓட்டுநர் மறுபுகார் கொடுத்ததை மூன்று வழக்குகளில் பார்த்துவிட்டேன். எங்கள் கட்சிக்காரரும் முதல் பிரேக்குக்குப் பின் ஏதோ திருப்பிச் சொன்னார். என்ன சொன்னார் என்பதைக் குறுக்கு விசாரணையில் மறைக்கவில்லை, அதனாலேயே மற்றவற்றிலும் அவர் நம்பப்பட்டார் என்று நினைக்கிறேன்.

சென்ற மாதம் எதிர்த்தரப்பிலிருந்து சமரசம் பேச வந்தார்கள். புது மிதிவண்டி ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். நடைவழியில் நிற்கும் வண்டியைக் கடந்துதான் அவர்கள் வர வேண்டியிருந்தது. வந்தவர்களில் ஒருவர் குனிந்து அந்தப் பெயிண்டைச் சற்று நேரம் பார்த்தார். அடுத்த வாய்தா இரண்டு வாரத்தில் வருகிறது.