ஒரு கன அடி கருங்கல் எத்தனை கிலோ?

பெங்களூரு நடைபாதைகளில் சாக்கடையை மூடிப் போட்டிருக்கும் சப்படிக் கல் ஒன்றை அளந்து பாருங்கள். 3 அடி நீளம், 2 அடி அகலம், 4 அங்குல கனம் இருந்தால் மொத்தம் 2 கன அடி. அதன் எடை 150 கிலோ. கடப்பாரையை நுழைத்து இரண்டு பேர் தூக்கக் குனிகிறார்கள். தூக்கப்போவது எவ்வளவு என்று இருவருக்குமே தெரியாது. விரல் நசுங்குவதும் இடுப்பு பிடித்துக்கொள்வதும் இப்படித்தான்.

கல்லைத் தூக்காமலே எடை சொல்ல அதன் அடர்த்தி தெரிந்தால் போதும். அடர்த்தி என்பது நிறையைக் கன அளவால் வகுத்து வருவது. ஒரு கன அடி 28.3 லிட்டர். இந்த ஊர்க் கருங்கல்லின் அடர்த்தி பெரும்பாலும் கன செ.மீ.க்கு 2.65 கிராமை ஒட்டியே இருக்கும். பெருக்கினால் 75 கிலோ. கடையில் ‘பிளாக் கிரானைட்’ என்று விற்கும் கறுப்புக் கல், புவியியல்படி டாலரைட் அல்லது கேப்ரோ வகை. அதன் அடர்த்தி 3.0 அளவில் இருப்பதால் கன அடிக்கு 85 கிலோ வரும்.

வகுத்தல் கணக்கு எளிது. நிறையை எந்தத் தராசும் சரியாகச் சொல்லிவிடும். தப்பு நடப்பது கன அளவில்தான். பள்ளியில் செய்வதுபோல 26 கிராம் கல்துண்டு ஒன்றை 100 மி.லி. அளவுசாடியில் போட்டால் தண்ணீர் 10 மி.லி. உயரும்; விடை 2.6. ஆனால் கண் ஒரு கோடு பிசகி 9 என்று படித்தால் 2.9, 11 என்று படித்தால் 2.4. ஒரே கல் ஒரு கோட்டு வித்தியாசத்தில் கறுப்புக் கல்லாகவும் மணற்கல்லாகவும் மாறிவிடும். சின்னத் துண்டை எடுக்காதீர்கள். அரைக் கிலோவாவது இருக்கட்டும். கிரானைட் கடையில் கழித்துப் போட்ட வெட்டுத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். பெங்களூரு லால்பாக் பூங்காவிலுள்ள பாறையில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுள்ள தீபகற்ப நைஸ் பாறை அது. தேசியப் புவியியல் சின்னம்.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் அளவுசாடியே வேண்டாம். முதலில் உலர்ந்த கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 534 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லைத் தையல் நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படியும் அடியிலோ பக்கத்திலோ படாதபடியும் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு 201 என்று காட்டினால் கல்லின் கன அளவு 201 மி.லி. தண்ணீர் கல்லை எவ்வளவு மேலே தள்ளுகிறதோ அவ்வளவு பாத்திரம் கீழே அழுந்துகிறது. அது கல் விலக்கிய தண்ணீரின் எடை. 534-ஐ 201-ஆல் வகுத்தால் 2.66. தராசு ஒரு கிராம் பிசகினாலும் விடை 2.64-க்கும் 2.67-க்கும் நடுவில்தான் நிற்கும். 25 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 0.997, வீட்டுக் கணக்குக்கு அதை ஒன்று என்றே கொள்ளலாம்.

கல் அடியில் தட்டினால் எண் சட்டென்று ஏறும், அடர்த்தி குறைவாக வரும். இதைக் கண்டுபிடிக்க, மூழ்கிய நிலையிலேயே கல்லைக் கொஞ்சம் ஏற்றி இறக்குங்கள். எண் அசையாமல் நிற்க வேண்டும். கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழியும் கன அளவைக் கூட்டிக் காட்டும்; பழைய பல் துலக்கியால் தேய்த்துவிட்டு முக்குங்கள்.

எண் நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கினால் கல் தண்ணீர் குடிக்கிறது என்று பொருள். மங்களூரு பக்கத்துச் செம்புரைக்கல்லும் உளுத்த கருங்கல்லும் அப்படித்தான். அப்போது முறையை மாற்ற வேண்டும்: உலர் நிறையைக் குறித்துவிட்டு, கல்லை 24 மணி நேரம் ஊறப்போட்டு, மேல் ஈரத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அதன்பின் கன அளவைப் பாருங்கள். வகுக்கும்போது உலர் நிறையைத்தான் எடுக்க வேண்டும். ஊறிய நிறையையும் தனியாகக் குறித்து வையுங்கள். மழை நாளில் மாடித் தளம் சுமக்கப்போவது அந்த எடையைத்தான். ஆய்வகத்தில் 105 டிகிரி உலையில் ஒரு நாள் காயவைப்பார்கள். வீட்டில் எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை வெயிலில் காயவைத்தால் போதும். கேஸ் அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள். ஈரக்கல் சூடேறினால் வெடித்துச் சிதறலாம்.

அடர்த்தியை வைத்து மட்டும் கல்லின் பெயரைச் சொல்லிவிட முடியாது. மார்பிளும் 2.7 அளவில்தான் வரும்.

சமையல் மேடைக்கு, பெங்களூருவை அடுத்த ஜிகணியிலிருந்து 8 அடிக்கு 2 அடி, 18 மி.மீ. பலகை வாங்குகிறீர்கள். சதுர அடிக்கு 4.4 கிலோ வீதம் 71 கிலோ, கறுப்பென்றால் 80. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அதை இரண்டே பேர் சுமந்து ஏற்றுவது சரியில்லை. நான்கு பேருக்குக் கூலி பேசுங்கள். கனத்தை நான்கு மூலையிலும் அளந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள், 20 மி.மீ. இருந்தால் அதே பலகை 79 கிலோ.

ஜல்லிக்கு இந்த 2.65-ஐப் போடவே கூடாது. 100 கன அடி யூனிட்டுக்கு அப்படிப் பெருக்கினால் ஏழரை டன் என்று வரும். ஆனால் ஜல்லிக் குவியலில் 40 சதவீதத்துக்கு மேல் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள வெற்றிடம்தான். உண்மையில் லாரியில் இருப்பது நாலேகால் டன்னை ஒட்டியே இருக்கும். எடைக் கணக்கில் ஆர்டர் கொடுத்துவிட்டுக் கன அடியில் அளந்து இறக்குபவர்கள் இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டு, பாதி வேலையில் ஜல்லி தீர்ந்து நிற்கிறார்கள். 30 லிட்டர் வாளி ஒன்றில் ஜல்லியை நிரப்பித் தலைதட்டி, வாளியின் எடையைக் கழித்து நிறுத்துப் பாருங்கள். 45 கிலோ வந்தால் கன மீட்டருக்கு 1,500 கிலோ. ஜல்லிக்கு அந்த எண்ணைத்தான் போட வேண்டும்.