ஆட்டிசத்தோடு ஒரு குடித்தனம்

"குடிக்க மாட்டாருங்க மேடம். சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கையில குடுத்துடுவாரு. ஆனா அவர்கூட இருந்தும் தனியா இருக்கற மாதிரியே இருக்கு." சேலத்தில் தம்பதிகளுக்கு ஆலோசனை தரும் உளவியலாளரான நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. இப்படிச் சொல்லும் எல்லோருடைய கணவருக்கும் ஆட்டிசம், அதாவது மற்றவரோடு பழகும், உணரும் விதமே சின்ன வயதிலிருந்து வேறாக அமைந்த மூளை வளர்ச்சி, இருக்கும் என்று அர்த்தமில்லை. மனச்சோர்வு, கூச்சம், வேலைப் பளு, சில வீடுகளில் வெறும் அலட்சியம் என்று காரணம் வேறாகவும் இருக்கும். ஆனால் ஆட்டிசம் இருக்கிற வீடுகளும் இருக்கின்றன. அது இருப்பதே யாருக்கும் தெரியாமல் பல வருடம் ஓடிவிடுகிறது.

தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. இன்றைக்கு நாற்பதை நெருங்குபவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில், பேச்சு வராத, முகம் பார்க்காத குழந்தைக்குத்தான் ஆட்டிசம் என்று நம் ஊரில் நினைத்தார்கள். நன்றாகப் பேசுகிற, நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் இது இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1994-இல்தான் ஆஸ்பெர்கர் என்ற பெயரில் சேர்த்தது. 2013-இல் அந்தத் தனிப்பெயரை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஆட்டிசத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. இந்தச் செய்தி நம் வகுப்பறைகளுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பையன் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், ஜாதகம் பொருந்திக் கல்யாணமும் முடிந்துவிட்டது.

ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் எடையும் கணக்கும் பார்ப்பவர். மனைவியின் அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மருமகன் பணம் கட்டினார். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஃபைலில் அடுக்கினார். அப்புறம் வழக்கம்போல் ஒன்பது மணிக்குப் பட்டறைக்குப் போய்விட்டார். மனைவி வராந்தாவில் தனியாக அழுதுகொண்டிருந்தார். "எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க மேடம்" என்றார் என்னிடம். கணவரிடம் கேட்டேன். உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். "கிரியேட்டினின் குறைஞ்சிடுச்சு, ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவோம்னு டாக்டர் சொன்னாரு. அதை இவகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். அப்புறம் எதுக்கு அழுதான்னு எனக்கு இப்பவும் புரியல."

இவரைப் பாசமில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? மாமனாருக்காக ஓடியதெல்லாம் பாசத்தில்தான். அழுகிறவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு உதவி என்பது அவருக்குத் தானாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நம் குடும்பங்கள் பாதிக்கு மேல் ஜாடையில்தான் பேசிக்கொள்கின்றன. முகம் வாடினால் தெரிந்துகொள்ள வேண்டும், பாத்திரம் சத்தமாக வைக்கப்பட்டால் கோபம் என்று புரிந்துகொள்ள வேண்டும். "இதையெல்லாம் சொல்லித்தான் செய்யணுமா?" என்பது நம் பெண்களின் நியாயமான ஆதங்கம். ஆட்டிசம் உள்ளவர் வீட்டில் அதற்கு என் பதில்: ஆமாம், சொல்லித்தான் ஆக வேண்டும். "எனக்கு பயமா இருக்கு. நீங்க எதுவும் சரி பண்ண வேண்டாம். பத்து நிமிஷம் என் பக்கத்துல உக்காருங்க" என்று சொன்னால் பெரும்பாலும் உட்காருவார்கள். எவ்வளவு நேரம், என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிவதே அவர்களுக்கு நிம்மதி.

இந்தக் கணவர் இரவு ஒன்பதுக்கு ஃபோனில் அலாரம் வைத்துக்கொண்டு, அது அடித்ததும் மனைவியிடம் "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்கத் தொடங்கினார். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "அலாரம் வெச்சுக் கேக்கறதெல்லாம் ஒரு பாசமா மேடம்?" பாசம்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மறந்துவிடுவோம் என்று தெரிந்து, மறக்கக் கூடாது என்று நினைத்ததால்தானே அலாரம் வைத்தார்?

புரிதல் குறைவு ஒரு பக்கம் மட்டும் இல்லை. ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் இதை எழுதினார்: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரிந்துகொள்வது எவ்வளவு கஷ்டமோ, மற்றவருக்கும் அவரைப் புரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டம். இதற்கு நல்ல உதாரணம் வாசனை, சத்தம், தொடுதல் போன்ற விஷயங்கள். வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயமும் இதுதான்.

முதலிரவு அறையை நினைத்துப் பாருங்கள். கட்டில் முழுக்க மல்லிகை, ஊதுவத்திப் புகை, சரசரக்கும் புதுப் பட்டு, இரண்டு நாளாகத் தூக்கமில்லை, பக்கத்தில் அதிகம் பழகாத ஒருவர். ஆட்டிசம் உள்ள பலருக்கு வாசனையும் தொடுதலும் பல மடங்கு உறைக்கும்; அப்படிப்பட்ட உடம்புக்கு அந்த அறையில் மூச்சு முட்டும். ஒரு பெண் கல்யாணமாகி ஒரு வருடத்துக்கு மேல், கணவருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தார். தலையில் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் போகும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வாசனை தாங்க முடியவில்லை என்று அவர் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கறாங்கன்னு நெனச்சேன்" என்றார். இன்னொன்றும் தெரியவந்தது. மெதுவாக வருடினால் அவருக்கு எரிச்சலாக இருக்கும், அழுத்தமாகப் பிடித்தால் இதமாக இருக்கும். தாம்பத்தியம் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேச நம்மில் பலருக்கும் கூச்சம்தான். பேசாமல் விட்டால் இருவரும் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டு வருடங்களை ஓட்டுவார்கள்.

பண்டிகைகளும் இப்படித்தான். ஆடி மாதம் சேலத்தின் குகை என்ற பகுதியில் வீடு என்றால் மைக் செட், வண்டி வேடிக்கை என்ற அலங்கார வண்டி ஊர்வலம், வீடு நிறையச் சொந்தம். ஆட்டிசம் உள்ளவரை உறவினர் நடுவில் நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டு, ராத்திரி வெடித்தார் என்று வருத்தப்படுவதில் பயனில்லை. காலையில் கூட்டம் சேரும் முன் கோவிலுக்குப் போய்வரலாம். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், எப்போது கிளம்புவார்கள் என்று முதல் நாளே சொல்லிவிடலாம். நடுவில் ஒரு மணி நேரம் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஏற்காட்டுக்குத் திடீர்ப் பயணம் கிளப்பி சந்தோஷப்படுத்த நினைக்காதீர்கள். முன்கூட்டிச் சொல்லி, மே மாதக் கோடை விழாக் கூட்டம் இல்லாத ஒரு வாரநாளில் போனால், அதே மலையை இருவரும் ரசிக்கலாம்.

சண்டையின் நடுவில் ஊமையாகிவிடுவது இன்னொரு பெரிய குறை. மனைவி பேசப் பேச அவர் எழுந்து போய்விடுவார். திமிர் என்று தோன்றும். பெரும்பாலும் அது மூளை தாங்க முடியாமல் வாயை அடைத்துக்கொள்வது. அந்த நேரத்தில் விரட்டிப் போய்க் கேட்டால் இன்னும் மோசமாகும். "அரை மணி நேரம் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும், ஆனால் அரை மணி கழித்துத் தானே திரும்பி வந்து பேச வேண்டும். திரும்பி வருவது அவர் பொறுப்பு. நேரில் வார்த்தை வராவிட்டால் வாட்ஸாப்பில் எழுதட்டும்.

பெண்களுக்கு ஆட்டிசம் இருந்தால் கதை இன்னும் கடினம். சின்ன வயதிலிருந்தே மற்ற பெண்களைப் பார்த்து, எப்போது சிரிப்பது, எப்போது தலையாட்டுவது என்று பழகி மறைத்துக்கொள்வார்கள். கல்யாணமாகிக் கூட்டுக் குடும்பத்துக்குள் போனதும் அந்த வேஷத்துக்கு ஓய்வே இல்லை. ஒருநாள் முடியாமல் அறைக்குள் படுத்தால் "திமிரு பிடிச்ச மருமக" என்று பெயர் வந்துவிடும். தன் குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்து வந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதே "நானும் இப்படித்தான மேடம் இருந்தேன்" என்று கண்டுகொள்ளும் தாய்மார் உண்டு. ஆட்டிசத்தில் மரபின் பங்கு சுமார் 80 சதவீதம் என்று ஐந்து நாடுகளின் தரவை வைத்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. ஆக, அந்தத் தாய் சொல்வதை அலட்சியப்படுத்த முடியாது.

இங்கே பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்தும், "கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்று மறைத்துப் பெண் எடுப்பதும் கொடுப்பதும் அநியாயம். கல்யாணத்தால் ஆட்டிசம் சரியாகாது. அதைப் போக்க மருந்தும் கிடையாது. கூடவே வரும் பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு. ஆட்டிசம் உள்ளவர் கல்யாணம் செய்துகொள்ளலாம், நல்ல துணையாகவும் இருக்கலாம். ஆனால் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்து சம்மதிக்கும் உரிமை வேண்டும்.

துணைக்கும் சொல்ல வேண்டும். எல்லா அனுசரிப்பும் உங்கள் தலையில்தான் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உங்கள் தனிமை நிஜமானது. தோழியிடம், அம்மாவிடம் பேசுவது துரோகம் இல்லை. அடிப்பது, அவமானப்படுத்துவது, பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது இவற்றுக்கெல்லாம் ஆட்டிசத்தைக் காரணம் காட்ட முடியாது. அப்படி நடந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். மனம் கனத்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சந்தேகம் இருந்தால் இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாளை வைத்து வீட்டுக்காரருக்கு நீங்களே பெயர் சூட்டிவிடாதீர்கள், முக்கியமாகச் சண்டையின் நடுவில். பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ போங்கள். நம் ஊர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆட்டிசம் சின்ன வயதிலேயே தொடங்குவது என்பதால், அவர் குழந்தையாக இருந்தது எப்படி என்று கட்டாயம் கேட்போம். போகும்போது அவருடைய அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். பழைய ராங்க் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள், அதில் டீச்சர் எழுதிய குறிப்புகளும் உதவும்.