ரெத்ரோ: பழையதா, பழம்பாணியா?

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரெத்ரோ என்றால் முதலில் நினைவுக்கு வருவது காரின் கண்ணாடிதான். பின்னால் வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடிக்குப் பிரெஞ்சில் ரெத்ரோவிசேர். பேச்சில் சுருங்கி ரெத்ரோ. மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் வாரக் கடைசியில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு சிறுமி கேட்டாள்: "மிஸ், ரெத்ரோ பாட்டுக்குத் தமிழில் என்ன?" நான் வாய் திறக்குமுன் பக்கத்துப் பையன், "பழைய பாட்டு!" என்றான்.

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அது சரியில்லை.

இலத்தீனில் ரெத்ரோ என்றால் பின்னால், பின்னோக்கி. பின்னோக்கிப் பார்ப்பதைச் சொல்லும் ரெத்ரோஸ்பெக்திஃப் என்ற பிரெஞ்சுச் சொல் சுருங்கி, 1970களில், பழையதைத் தழுவிப் புதிதாகச் செய்யும் ஒரு பாணியின் பெயரானது. தமிழ்நாட்டுக்கு அது ஆங்கிலம் வழியாக ரெட்ரோவாகப் போனது. எங்கள் மொரீஷியஸில் வீட்டுப் பேச்சு பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல், பக்கத்திலேயே பிரெஞ்சு. அதனால் எங்கள் வாயில் 'த'தான்.

1971இல் பாரிஸில் ஈவ் சான் லோரான் என்ற உடை வடிவமைப்பாளர் 1940களின் உடைகளைத் தழுவிப் புதிய உடைகளைக் காட்டினார். அகன்ற தோள் வைத்த மேல்சட்டை, கனத்த அடிப்பாகம் கொண்ட செருப்பு. 1940 முதல் 1944 வரை அந்த நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. அதை வாழ்ந்து கடந்தவர்கள் கொதித்துப்போனார்கள். சும்மா பழைய பெட்டியில் கிடந்த சட்டை யாரையும் சுட்டிருக்காது. இன்று ஒருவர் உட்கார்ந்து, அந்தக் காலம்தான் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துத் தைத்ததுதான் சுட்டது. ரெத்ரோ என்ற சொல்லின் உயிர் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

அந்தச் சிறுமி கேட்ட பாட்டையே எடுத்துக்கொள்வோம். புதுப் பாட்டு. இசைத்தட்டில் ஊசி உரசும் கரகரப்பைக் கணினியில் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள். அவன் தெருவில் வருகிறான், அவள் சன்னலோரம் நிற்கிறாள். அவன் கேட்கிறான், அவள் தலைகுனிகிறாள். அவன் கொம்பு, அவள் கொடி. கடைசி அடியில் அவன் சம்பாதித்து வரும்வரை அவள் விளக்கேற்றிக் காத்திருக்கிறாள். அறுபது வருடத்துக்கு முன் எழுதிய பாட்டில் இது இருந்தால், அந்தக் காலம் அப்படி என்று கேட்டுக்கொள்ளலாம். என் அம்மா அப்படிப்பட்ட பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டேதான் சமைப்பார். எனக்கும் அவை உயிர். ஆனால் இந்தப் பாட்டில் கரகரப்பைப் போலவே அந்தத் தலைகுனிவையும் ஒருவர் தேடி எடுத்து வைத்திருக்கிறார். கரகரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தலைகுனிவை விட்டிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தலைகுனிவுக்கு நம்மிடம் நீண்ட பழமை உண்டு என்பதும் உண்மை. அச்சமும் நாணும் மடனும் பெண்ணுக்கு உரியவை என்றது தொல்காப்பியம்; பெருமையையும் உரன் என்ற வலிமையையும் ஆணுக்கு வைத்தது. அப்புறம், குறுந்தொகையின் 28ஆம் பாட்டில் ஔவையார் படைத்த தலைவி என்ன செய்கிறாள்? தன் காதல் நோய் அறியாமல் தூங்கும் ஊரை முட்டுவேனா, தாக்குவேனா, கூவுவேனா என்று கொதிக்கிறாள். அதுவும் பழமைதானே? இன்றைய ரெத்ரோ பாட்டில் அவளை நான் இன்னும் கேட்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? நான் பழம்பாணி என்று எழுதச் சொன்னேன். பின்னோக்கு என்று வேரை மட்டும் பெயர்த்தால் பாட்டுக்கு ஒட்டாது. பழைய என்றால் தேர்வு மறைந்துவிடும். பாணி என்ற சொல் சிலப்பதிகாரத்தில் தாளத்தைக் குறித்து வருகிறது. இன்று ஒன்றைச் செய்யும் விதத்தைக் குறிக்கிறது. செய்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அந்தச் சொல் நினைவூட்டும்.

1960இல் பதிவானது பழைய பாட்டு. அதைப் போலப் போன மாதம் பதிவானது பழம்பாணிப் பாட்டு. நடுவில் 'ப்' மிகும். சட்டை என்றால் பழம்பாணிச் சட்டை. காரில் இருப்பது பின்பார்வைக் கண்ணாடி என்று அந்தப் பையன் தன் நோட்டில் தனியாக எழுதிக்கொண்டான்.