உம்மா நெய்கிற பாயைப் பற்றிச் செல்லிடம் கேட்டால்

எங்கள் ஆசிரியர் அறையில் இப்போது இரண்டு கட்சி. ‘ஏஐ வந்து பிள்ளைகளைக் கெடுத்துப்போட்டு’ என்பது ஒன்று, ‘இனிமே பாடக்குறிப்பு எழுதுகிற தொல்லை விட்டுது’ என்பது மற்றொன்று. சில பேர் காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் மறு கட்சி. நான் சமூக அறிவியல் எடுக்கிறவன். சேரன்மகாதேவி வட்டாரத்துப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியதில் எனக்குப் பட்டது இதுதான்: இந்தக் கருவிகள் நம் ஊரைப் பற்றிப் பேசும்போதுதான் அதிகம் சறுக்குகின்றன. அதனால் அவற்றைச் சோதிக்கவும் நம் ஊரே தோது.

ஒன்பதாம் வகுப்புக்கு உள்ளூர்த் தொழில் பற்றி ஒரு ஒப்படைப்பு கொடுத்திருந்தேன். ஒரு மாணவி பத்தமடைப் பாய் பற்றி எழுதியிருந்தாள். பிழையில்லாத தமிழ். ‘பாரம்பரியமும் கலைநயமும் சங்கமிக்கும்’ என்று ஆரம்பம். மூன்றாவது வரியில், ‘பனையோலையால் நெய்யப்படும் இப்பாய்’. அவள் உம்மா பாய் நெய்கிறவர். வீட்டுச் சுவரில் கோரைக்கட்டு சாய்ந்து நிற்கும்.

“கோரைன்னு உனக்குத் தெரியாதாம்மா?”

“தெரியும் சார். செல்லுல இப்படித்தான் போட்டிருந்துச்சு. அதான் சரியா இருக்கும்னு நெனச்சேன்.”

தப்பைத் திருத்திவிடலாம். கண்ணால் பார்த்ததைவிடச் செல் சொன்னது பெரிதாகிவிட்டதே, அதுதான் உறுத்தியது.

கேட்டதற்கு விடை எழுதித் தரும் ஏஐ கருவியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. அதுவும் அதைப் போன்றவையும் உண்மையைத் தேடி எடுத்துத் தருவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. படித்த கோடிக்கணக்கான பக்கங்களை வைத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கோக்கின்றன. படித்ததில் பெரும்பங்கு ஆங்கிலம். தமிழ் கொஞ்சம், பத்தமடை அதிலும் கொஞ்சம். தெரியாத இடத்திலும் நடை தடுமாறாது. மாணவன் திணறினால் முகத்தில் தெரிந்துவிடும். இதற்கு முகம் இல்லை.

மாவட்டக் கணக்கிலும் இதே குழப்பம் வரும். தூத்துக்குடி 1986-இல் பிரிந்தது, தென்காசி 2019-இல். பழைய பக்கங்களில் ஆதிச்சநல்லூரும் குற்றாலமும் திருநெல்வேலி மாவட்டம்தான். கருவி பழையதையும் புதியதையும் கலந்து கொடுத்தால், பிள்ளை அப்படியே எழுதி மார்க்கை விடும்.

அந்த மாணவியிடம், உம்மாவிடம் கேட்டு அவர் பேச்சிலேயே எழுதி வரச் சொன்னேன். கோரையைக் கீறிக் காயவைப்பது, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போடுவது, கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரை நெய்வது என்று இரண்டு பக்கம் வந்தது. அதைக் கருவியிடம் கொடுத்து ஒற்றுப்பிழை மட்டும் பார்க்கச் சொன்னோம். பார்த்தது. கேட்காமலே கடைசியில் ஒரு பத்தி அறிவுரையும் சேர்த்திருந்தது. அதை அவளே அடித்துவிட்டாள்.

சில ஆசிரியர்கள், ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் செயலியில் பிள்ளையின் கட்டுரையைப் போட்டுப் பார்த்துத் திட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட அத்தகைய செயலியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிள்ளையைக் கூப்பிட்டு, எழுதியதில் இரண்டு கேள்வி வாயால் கேளுங்கள், தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதில் நான் கறார். எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவு) பட்டியலை, ரேங்க் ஷீட்டை, பிள்ளையின் சாதி, உடல்நலம், அப்பாவின் போன் நம்பர் இருக்கிற எதையும் இந்தக் கருவிகளில் ஒட்டாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சாட்ஜிபிடியின் விதிப்படியே 13 வயது ஆகாதவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது, 18 வரை பெற்றோர் அனுமதி தேவை. ஆறாம் வகுப்புக்கு ‘சாட்ஜிபிடியில் பார்த்து எழுதி வா’ என்று வாட்ஸப் குரூப்பில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

நமக்கு இது உதவுகிற இடம் உண்டு. பாடநூலின் பத்தியை அப்படியே கொடுத்து, ‘இதற்குள் இருப்பதை மட்டும் வைத்து மெல்லக் கற்போருக்கு ஐந்து கேள்வி’ என்று கேட்டால் கற்பனை குறையும், நேரம் மிச்சம். விடைக்குறிப்பையும் அதுவே தரும், கணக்குப் பாடமானால் படிப்படியாக. அதை நாம் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புங்கள்.