பச்சை விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள்

மணலியில் ஒரு சின்ன பேக்கிங் யூனிட். மூன்று வாரமாக மெஷின் நடுநடுவே நின்றுவிடுகிறது, தானாகவே திரும்ப எழுந்துகொள்கிறது என்று கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் இரண்டு சென்சார்களை மாற்றியிருந்தார்கள். மெஷினை ஓட்டும் கண்ட்ரோலரான பிஎல்சியையே புதிதாக வாங்க விலையும் கேட்டு வைத்திருந்தார்கள். பேனலைத் திறந்ததும், பிஎல்சிக்கும் வால்வுகளுக்கும் 24 வோல்ட் டிசி கொடுக்கும் பவர் சப்ளையில்தான் கை வைத்தேன். "அது நல்லாத்தான் இருக்கு சார், பச்சை லைட்டு எரியுது பாருங்க" என்றார் ஷிப்ட் எலக்ட்ரீஷியன் தம்பி.

மெஷின் நிற்கும்போது மீட்டரில் 24.1 வோல்ட். குறையே இல்லை. மீட்டரை, மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் பிடித்து வைக்கும் மின்-மேக்ஸ் (Min-Max) முறையில் போட்டுவிட்டு மெஷினை ஓட்டச் சொன்னேன். மின்சாரத்தில் திறந்து மூடும் நான்கு சோலனாய்டு வால்வுகள் ஒரே நேரத்தில் இழுத்தபோது 17.8 வரை இறங்கியிருந்தது. பல பிஎல்சிக்களுக்கு 20.4 முதல் 28.8 வோல்ட் வரைதான் ஏற்பு. அதற்குக் கீழே போனால் பிஎல்சி விழுந்து எழும். அந்தச் சரிவு கண் இமைக்கும் நேரம்தான். விளக்கு அதைக் காட்டினாலும் நம் கண்ணில் படாது.

கழற்றி எடுத்த பவர் சப்ளையின் காற்றோட்டத் துளை வழியே டார்ச் அடித்துக் காட்டினேன். உள்ளே, மின்சாரத்தைத் தேக்கி வோல்டேஜைச் சமன் செய்யும் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை, சுட்ட பூரி மாதிரி உப்பியிருந்தது. அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

பவர் சப்ளை ஒரே நாளில் சாவது குறைவு. பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் தேயும். அதற்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் திரவம் இருக்கிறது. சூட்டில் அது வற்றும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்ட கெப்பாசிட்டர், 55 டிகிரியில் 64,000 மணி நேரம் தாங்கும், அதாவது ஏழு வருடத்துக்கு மேல். அதுவே 65 டிகிரியில் இருந்தால் மூன்றரை வருடத்தைத் தாண்டியதும் முடிந்துவிடும். பத்து டிகிரிதான் வித்தியாசம்.

அந்தப் பத்து டிகிரி நம் பக்கத்தில் சுலபமாக வந்துவிடுகிறது. கத்திரி வெயிலில் தகர ஷெட். பேனலுக்குள் பவர் சப்ளைக்கு நேர் கீழே மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், அதன் சூடெல்லாம் மேலே ஏறுகிறது. ஃபேன் ஃபில்டரைத் தட்டினால் கருப்பு மாவு கொட்டுகிறது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் போனால் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். அங்கே டெர்மினல் ஸ்க்ரூவில் பச்சை பூத்திருப்பதை நான் பார்க்காத வருடம் இல்லை. டெர்மினல் லூசானால் நல்ல பவர் சப்ளை இருந்தும் பலனில்லை, வோல்டேஜ் அங்கேயே விழுந்துவிடும்.

அதனால் அளவெடுப்பதை எப்போதும் லோடில், அதாவது மெஷின் ஓடும்போது செய்யுங்கள். பவர் சப்ளையின் வாயில் ஒரு தடவை, பிஎல்சியின் டெர்மினலில் ஒரு தடவை. இரண்டுக்கும் ஒரு வோல்ட் வித்தியாசம் இருந்தால் ஒயரையும் ஸ்க்ரூவையும் பாருங்கள். அப்புறம் மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே இடத்தில் வையுங்கள். டிசியில் கலந்து வரும் ஏற்ற இறக்கமான ரிப்பிளை சாதாரண மீட்டர் முழுசாகக் காட்டாதுதான். ஆனாலும் நல்ல சப்ளையில் சில பத்து மில்லிவோல்ட்தான் வரும். அன்று மணலியில் எனக்கு வந்தது கிட்டத்தட்ட 0.9 வோல்ட்.

இன்னொன்று, இது என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது. பெரிய ஆலைகளில் ஒன்று போனால் இன்னொன்று தாங்கட்டும் என்று இரண்டு பவர் சப்ளைகளை, செத்தது மற்றதை இழுத்துவிடாமல் பிரித்து வைக்கும் டயோடு மாட்யூல் வழியாக இணைத்திருப்பார்கள். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டுக்கும் ஒரே எம்சிபி பிரேக்கரிலிருந்து லைன் போயிருக்கும். சப்ளை சரியாக இருக்கிறதா என்று சொல்லும் 'டிசி ஓகே' ரிலே காண்டாக்டில் ஒயரே இருக்காது. இரண்டில் ஒன்று ஆறு மாதத்துக்கு முன்பே செத்திருக்கும், யாருக்கும் தெரியாது. மீதி இருப்பதும் போகும் அன்று, ஓடிக்கொண்டிருக்கும் ரியாக்டரின் வால்வுகள் எந்த நிலைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த 'டிசி ஓகே' காண்டாக்டுகளிலிருந்து பிஎல்சி இன்புட்டுக்கு ஒயர் இழுத்து ஒரு அலாரம் வைப்பது அரை நாள் வேலைகூட இல்லை.

கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிவிடலாமே என்று கேட்பார்கள். மெயின்ஸை அணைத்த பிறகும் உள்ளே 325 வோல்ட் டிசி வரை தங்கியிருக்கும், தயவுசெய்து களத்தில் வைத்துத் திறக்காதீர்கள். மொத்தமாக மாற்றுங்கள். பழைய மாடல் பிஎல்சியாக இருந்தால், பவரை எடுக்கும் முன் புரோகிராமை பேக்கப் எடுத்துவிடுங்கள். மெமரி பேட்டரி தீர்ந்துபோயிருந்தால் புரோகிராமும் சேர்ந்து போய்விடும்.

அந்த மணலி பேனலில் புதிய சப்ளையை டிரைவுக்குப் பக்கவாட்டில், மேலும் கீழும் நான்கு விரல் இடம் விட்டு மாட்டினோம். மார்க்கர் எடுத்து அதன் நெற்றியில் மாட்டிய தேதியை எழுதினேன். "எதுக்கு சார் தேதி?" என்றார் தம்பி. 64,000 மணி நேரக் கணக்கைச் சொன்னேன். அவரே மார்க்கரை வாங்கிக்கொண்டு அடுத்த பேனலுக்குப் போனார்.