ரெமிஷன்: நோய்த் தணிவு

புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவரின் மருத்துவக் குறிப்பில் ‘ரெமிஷன்’ என்ற சொல்லை அடிக்கடி பார்க்கலாம். வீட்டில் அதைப் படிப்பவர்கள் ‘குணமாகிவிட்டது’ என்று பொருள் கொள்கிறார்கள். செய்திகளிலும் பல நேரம் அப்படித்தான் எழுதப்படுகிறது. அந்தச் சொல்லின் பொருள் அதுவன்று. இந்தத் தவறான பொருளால் அல்லற்படுபவர் நோயாளிதான். கால் மரத்துப்போய், களைப்பு தீராமல், அடுத்த ஸ்கேனை நினைத்துத் தூக்கம் கெட்டிருப்பவரிடம் “எல்லாம்தான் குணமாகிவிட்டதே, இன்னும் என்ன?” என்று சுற்றியிருப்பவர்கள் கேட்கிறார்கள். அவரிடமோ பதில் இல்லை.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘மித்தெரே’ என்றால் அனுப்புதல், விடுதல். ‘ரெ’ என்னும் முன்னொட்டு சேர்ந்து ‘ரெமித்தெரே’ ஆனதும், திருப்பி அனுப்புதல், இறுக்கிப் பிடித்ததைத் தளர்த்துதல் என்ற பொருள்கள் கிடைக்கின்றன. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது முதலில் பாவமன்னிப்பைக் குறித்தது. பிறகு சட்டத்தில் தண்டனைக் குறைப்பு, வருவாய்த் துறையில் வரித் தள்ளுபடி என்று கிளை பிரிந்தது. பணம் அனுப்புவதைக் குறிக்கும் ‘ரெமிட்டன்ஸ்’ இதே வேரில் பிறந்த சொல். மருத்துவம் எடுத்துக்கொண்டது ‘தளர்த்துதல்’ என்ற பொருளை. பழைய மருத்துவ நூல்களில் ‘ரெமிட்டன்ட்’ காய்ச்சல் என்று ஒரு வகை உண்டு. சூடு குறையும், ஆனால் இயல்பு நிலைக்கு வராது, மீண்டும் ஏறும். அடியோடு விட்டுவிட்டுப் பிறகு வரும் முறைக்காய்ச்சலுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஆக, அடியோடு போய்விடுதல் என்ற கருத்து இந்தச் சொல்லில் தொடக்கத்திலிருந்தே இல்லை.

புற்றுநோய் மருத்துவத்தில் இச்சொல் நிலைபெற்ற வரலாறும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பரும் அவருடைய குழுவினரும் கடும் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தனர். நோய் பின்வாங்கியது. சில மாதங்களில் திரும்பவும் செய்தது. 1948 இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் தலைப்பிலேயே ‘தற்காலிக ரெமிஷன்கள்’ என்றுதான் இருக்கிறது. அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதுவரை வழியே இல்லாதிருந்த நோயில் ஒரு வழி தெரிந்தது. அப்போதும் அவர்கள் சொல்லை மிகைப்படுத்தவில்லை.

இன்று இதற்குத் துல்லியமான அளவுகோல்கள் உண்டு. கடும் ரத்தப் புற்றுநோயில் எலும்பு மஜ்ஜையில் உள்ள முதிராத புற்றணுக்கள் 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் மீண்டால் அது முழு ரெமிஷன். நோய் கண்டறியப்படும்போது உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கக்கூடும். நுண்ணோக்கியில் ‘முழு ரெமிஷன்’ என்று தெரியும் நாளிலும் ஆயிரம் கோடி வரை எஞ்சியிருக்கலாம். “ஒரே மாதத்தில் ரெமிஷன் வந்துவிட்டதே, பிறகு எதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்து?” என்று கேட்கும் பெற்றோருக்கு விடை இந்த எண்ணில்தான் இருக்கிறது. பத்தாயிரம் அணுக்களில் ஒன்று புற்றணுவாக இருந்தாலும் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் இப்போது வந்திருப்பதும் அதனால்தான்.

கட்டியாக வரும் புற்றுநோய்களில் அளவைக் கொண்டு சொல்கிறார்கள். அளந்து பின்தொடரும் கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை குறைந்தது 30 விழுக்காடு சுருங்கினால் பகுதி அளவு பலன். கட்டிகள் எல்லாம் மறைந்தால் முழுப் பலன். அறிக்கையில் ‘நோய்க்கான சான்று இல்லை’ என்று ஒரு வரி வரும். அதை நிதானமாகப் படிக்க வேண்டும். இல்லை என்று அது சொல்வது சான்றை மட்டுமே, நோயை அன்று. சில மில்லிமீட்டருக்கும் குறைவான கட்டி ஸ்கேன் படத்தில் தெரியாமல் போகலாம் என்பதால்தான் மருத்துவர்கள் அந்த வரியை அப்படி அமைக்கிறார்கள்.

மூட்டுவாதம், உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் லூபஸ், மனச்சோர்வு ஆகியவற்றிலும் இதே சொல் வழங்குகிறது. இரண்டாம் வகை நீரிழிவுக்கு 2021 இல் ஒரு வரையறை வந்தது: சர்க்கரைக்கான மருந்தை நிறுத்தி 3 மாதமாவது ஆன பின்னும் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ரெமிஷன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நிவாரணம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது வலியிலிருந்தோ வெள்ளத்திலிருந்தோ கிடைக்கும் உதவியை நினைவூட்டுகிறது. ‘நோய் மறைவு’ எனக்கு அறவே பிடிக்காத தொடர். மறைவு என்றால் ஒளிந்திருத்தல், அதைவிடக் கூடுதலாக இறப்பு. நோயாளியின் குறிப்பில் எழுதத் தகாத சொல். ‘குணமடைதல்’ உரிமைக்கு மீறிப் பேசுகிறது. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தார் ஆளும் ‘சமனம்’ பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் பொதுவாசகருக்கு அது எட்டாது.

பொருத்தமான சொல் ‘தணிவு’. நோய்த் தணிவு. தேடி உருவாக்க வேண்டியதில்லை, நாம் நாளும் புழங்குகிற சொல்தான். காய்ச்சல் தணிந்தது, சினம் தணிந்தது, தாகம் தணிந்தது என்கிறோம். மீண்டும் காய்ச்சல் வராது, இனிச் சினமே எழாது என்று யாரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை. வேகம் இறங்கியிருக்கிறது, இப்போது அமைதி நிலவுகிறது, அவ்வளவே. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் “நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்” (948) என்று வருவதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ‘தணிக்கும் வாய்’, அதாவது தணிக்கும் வழி, என்று அங்கே நிற்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.

முழுக் குணத்துக்குத் தமிழில் வேறு வினை இருக்கிறது: தீர்தல். கடன் தீர்ந்தது, வழக்கு தீர்ந்தது, நோய் தீர்ந்தது. எதிர்மறையாகச் சொல்லிப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பளிச்சென்று தெரியும். ‘தீராத நோய்’ என்றால் குணப்படுத்த முடியாத நோய். ‘தணியாத காய்ச்சல்’ என்றால் இன்னும் இறங்காத காய்ச்சல். தீராத நோயும் தணியலாம். தணிந்த நோய் காலப்போக்கில் தீர்ந்ததாகவும் ஆகலாம். இதைவிடச் சுருக்கமாக இந்த உண்மையைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

இலக்கணமும் கைகொடுக்கிறது. ‘தணிந்தது’ தன்வினை, ‘தணித்தது’ பிறவினை. மருந்து நோயைத் தணித்தது. மிக அரிதாக, சிகிச்சையின்றியே சிலருக்கு நோய் பின்வாங்குவது உண்டு. அதைத் ‘தானாகத் தணிதல்’ என்று எழுதிவிடலாம். முழு ரெமிஷன் முழுத் தணிவு, பகுதி ரெமிஷன் பகுதித் தணிவு. ‘நீறு பூத்த நெருப்பு’ என்று சொல்லி யாரையும் அச்சுறுத்த வேண்டியதில்லை. பலருக்குத் தணிந்த நோய் வாழ்நாள் முழுவதும் திரும்புவதில்லை.

நோய் தணிவதாலேயே உடல் பழையபடி ஆகிவிடாது. பாக்லிடாக்செல் போன்ற புற்றுநோய் மருந்தால் விரல் நரம்புகள் பாதிக்கப்பட்ட ஒருவர் சட்டைப் பொத்தான் போடுவதைப் பாருங்கள். பொத்தான் விரலில் படுவது அவருக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துப் பார்த்துத் துளைக்குள் செலுத்துவார். கழுத்துப் பட்டைக்கு அருகிலுள்ள பொத்தானைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. அதற்கு வீட்டில் ஒருவரை அழைக்க வேண்டும். அவருடைய குறிப்பில் ‘முழுத் தணிவு’ என்றிருக்கும். அதுவும் உண்மை, இதுவும் உண்மை. சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். டாக்சோரூபிசின் இதயத் தசையைப் பலவீனப்படுத்தலாம், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து. அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவருக்குக் கை வீங்கலாம். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவருக்கு வாய் உலரும், தைராய்டு மந்தமாகலாம்.

இவை அனைத்தையும் ‘பக்கவிளைவு’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். மருத்துவத்தில் இரண்டாகப் பிரிப்பார்கள். சிகிச்சையின்போதே தொடங்கி, முடிந்த பிறகும் போகாதவை ‘நீடிக்கும் விளைவுகள்’. சிகிச்சை முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ ஆன பிறகு புதிதாகத் தலைகாட்டுபவை ‘பிந்தி வரும் விளைவுகள்’. இரண்டாவது வகையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்காததால், மூச்சு வாங்கும்போது அதைப் பழைய மருந்தோடு தொடர்புபடுத்திப் பார்க்கப் பலருக்குத் தோன்றுவதில்லை.

இன்னொரு சுமை நிச்சயமின்மை. ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர், தாமே புற்றுநோய்க்கு ஆளானவர், 1985 இல் எழுதிய கட்டுரையில் நோய் கண்டறியப்பட்டது முதலான வாழ்க்கையை மூன்று பருவங்களாகப் பிரித்தார். நடுப்பருவம், நோய் தணிந்து அல்லது சிகிச்சை முடிந்து, கண்காணிப்பில் இருக்கும் காலம். அதில் ஓங்கி நிற்பது நோய் திரும்பிவிடுமோ என்ற அச்சம் என்றார். தலைவலி வந்தால் அது வெறும் தலைவலியாக இருப்பதில்லை. இது மனப்பலவீனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. 5 ஆண்டு கடந்தால் கவலையில்லை என்று பலர் நினைக்கும் அந்த எல்லை புள்ளிவிவரத்துக்காக வைக்கப்பட்டது. அது எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே பொருள் தராது. விரைப்புற்றுநோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் திரும்பும். ஹார்மோன் ஏற்பி உள்ள, அதாவது ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும், மார்பகப் புற்றுநோய் 10, 20 ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும்.

எழுதும்போது துணைவினையில் கவனம் வேண்டும். ‘தணிந்துவிட்டது’ என்பதில் உள்ள ‘விடு’ கதவைச் சாத்திவிடுகிறது. ‘தணிந்திருக்கிறது’ என்பது இன்றைய நிலையை மட்டும் சொல்கிறது. மருத்துவக் குறிப்புக்கு இரண்டாவதுதான் சரி. ‘ரிலாப்ஸ்’ என்பதற்குச் சிலர் ஆளும் ‘நோய் மீட்சி’ குழப்பம் தருவது. மீட்சி நோயாளிக்கு உரிய நல்ல சொல், அதை நோய்க்குக் கொடுத்துவிடக் கூடாது. ‘நோய் திரும்புதல்’ போதும்.

மருத்துவரிடம் கேட்கும்போதும் இச்சொற்கள் உதவும். முழுத் தணிவா, பகுதித் தணிவா? எந்தப் பரிசோதனையை வைத்துச் சொல்கிறீர்கள்? எனக்குத் தந்த மருந்துகளில் பிந்தி வரும் விளைவு உள்ளவை எவை? எந்த மருந்து மொத்தம் எவ்வளவு சென்றது, உடலின் எந்தப் பகுதியில் எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்தாண்டு கழித்து வேறொரு மருத்துவரிடம் நெஞ்சுப் படபடப்புக்காகப் போக நேர்ந்தால், அவருக்கு அந்தத் தாள் தேவைப்படும்.