பழசு என்று சொல்லி இன்ஜினைத் தூக்காதீர்கள்

இந்த மாதமும் ஒருவர் வந்துவிட்டார். நம் மலேசியாவின் பேராக் மாநிலத்து லுமுட்டில் கட்டிக் கிடக்கும் 40 அடி மோட்டார் யாட் (உல்லாசப் படகு), உள்ளே இரண்டு டீசல் இன்ஜின், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. "அண்ணே, எல்லாரும் மாத்தச் சொல்றாங்க, புது இன்ஜினுக்கு வெலகூட கேட்டுட்டேன், பழச எறக்கிற வேலைய மட்டும் நீங்க பாத்துக் குடுங்க" என்றார். என்ன அளந்து பார்த்து மாற்றச் சொன்னார்கள் என்று கேட்டேன். ஒன்றும் அளக்கவில்லை. முப்பது வயது, அவ்வளவுதான் காரணம்.

நான் ஆயர் தாவாரில் பட்டறை வைத்திருக்கும் டீசல் போர்மேன். செம்பனைத் தோட்டத்து டிராக்டர், ஆலை ஜென்செட், பழக்குலை ஏற்றும் லாரி, இவைதான் என் பிழைப்பு. லுமுட் பக்கம் என்பதால் படகு வைத்திருப்பவர்களும் வருவார்கள். அவர்களில் பலர் வீட்டை அடமானம் வைக்கிற அளவுக்குப் பணத்தை எடுத்துக்கொண்டு, தேவையே இல்லாத இடத்தில் கொட்டுவதைப் பார்த்து மனசு தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த வயசுப் பேச்சு. நம் ஊர் ஆலையில் ஓடும் ஜென்செட்டைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வேண்டும் என்பதால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிறுத்தி இராப்பகலாக ஓட்டுவார்கள், பல்லாயிரம் மணி நேரம் ஓடியும் கம்பீரமாக நிற்பவை உண்டு. அங்கே ஒரு ஆள் தினமும் எண்ணெய் பார்க்கிறார், தண்ணீர் பார்க்கிறார், நாள் வந்தால் ஃபில்டரை மாற்றிவிடுகிறார், இன்ஜினும் நன்றாகச் சூடேறி ஒரே பாரத்தில் ஓடுகிறது. உங்கள் யாட் வருடத்துக்கு 100 மணி நேரம் ஓடினாலே பெரிசு, முப்பது வருடத்தில் 3000 மணி நேரம்தான் ஆகியிருக்கும். சின்ன பிளாக்கிலிருந்து நிறைய குதிரைத்திறனைப் பிழியும் டர்போ இன்ஜினுக்கு ஆயுள் குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய கிராண்ட் பேங்க்ஸ் படகுகளில் போட்டிருந்தார்களே ஃபோர்ட் லேமன் 120, டர்போ இல்லாத 6 சிலிண்டர், அந்த மாதிரி நிதானமாக ஓடும் இன்ஜினுக்கு 3000 மணி நேரம் ஒரு கணக்கே இல்லை. வருடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், மணி மீட்டரை மட்டும் வைத்தும் முடிவு செய்யாதீர்கள், மீட்டர் பாதியில் மாற்றப்பட்டிருக்கலாம். எப்படி ஓடியது, எப்படிச் சும்மா கிடந்தது என்று கேளுங்கள்.

ஏனென்றால் யாட் இன்ஜின் தேய்ந்து சாவது குறைவு, துருப்பிடித்துச் சாவதுதான் அதிகம். கடல்தண்ணீர் இன்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் ஓடுகிறது, டர்போ காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலருக்குள் ஓடுகிறது, கடைசியில் எக்ஸாஸ்ட் எல்போ என்னும் வளைவுக் குழாயில் புகையோடு கலந்து வெளியே போகிறது. இதில் எங்கே ஓட்டை விழுந்தாலும் உப்புத்தண்ணீர் இன்ஜினுக்குள் போய்ச் சேரலாம். சிங்க் பென்சிலை (மற்ற பாகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகக் குச்சி) எத்தனையோ பேர் மாற்றுவதே இல்லை, சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அப்புறம் அந்தப் பத்து நிமிட வழக்கம்! மாதம் ஒரு தடவை ஜெட்டிக்கு வந்து, கயிற்றை அவிழ்க்காமலே ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, "இன்ஜினுக்கு எக்சர்சைஸ் குடுத்தாச்சு" என்று வீட்டுக்குப் போவது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எண்ணெய் சூடேறாது, டீசல் முழுசாக எரியாது, உள்ளே கரியும் ஈரமும்தான் சேரும். ஓட்டுவதென்றால் பங்கோர் தீவு வரைக்குமாவது ஓட்டிப் போய் வாருங்கள், பாரத்தில் ஓடட்டும். முடியாவிட்டால் தொடாமல் விடுவது மேல்.

பல் டாக்டர் ஒருவர் இரண்டு இன்ஜினையும் மாற்றினார். ஒரு பக்கம் சூடு ஏறுகிறது, கறும்புகை, சுற்று ஏறமாட்டேன் என்கிறது, இதுதான் புகார். இன்ஜின் முடிந்தது என்று ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் செலவழித்து, மிக அதிக அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும் புது வகையான காமன் ரெயில் இன்ஜின் இரண்டு ஏற்றினார். கொஞ்ச நாளில் புதுசும் இழுக்கவில்லை, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் போய்விட்டது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார். டீசல் டாங்கியின் மூடியைக் கழற்றிக் கையை விட்டுப் பார்த்தேன், அடியில் விரல் கனத்துக்குக் கறுப்பு வழுவழுப்பு, நாற்றம் வேறு. டீசலுக்கு அடியில் தண்ணீர் தங்கினால் அந்த இரண்டும் சேரும் இடத்தில் கிருமி வளரும். நம் டீசலில் செம்பனை பயோடீசல் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், நம் வெக்கைக்குக் கேட்கவே வேண்டாம். பழைய இன்ஜெக்டர் 200, 300 பார் அழுத்தத்தில் திறக்கிறது, கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். காமன் ரெயிலில் 1600 பாருக்கும் மேலே போகிறது, உள்ளே இடைவெளி எல்லாம் மைக்ரான் கணக்கு, அழுக்கு பட்டால் முடிந்தது. படகை மேலே ஏற்றினால் புரொப்பெல்லர் பூராவும் சிப்பி. பழைய இன்ஜின் திணறியதற்கும் அதுதான் பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும். கழற்றிய பழைய இன்ஜின் ஒன்றை மீனவர் ஒருவர் வாங்கி, ஹீட் எக்ஸ்சேஞ்சரைச் சுத்தம் செய்து தன் படகில் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அதனால் அளந்து பாருங்கள். காலையில் போய் முதலில் பிளாக்கில் கை வையுங்கள், சில்லென்று இருக்க வேண்டும். யாராவது முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அன்றைக்குப் பார்க்காதீர்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரலாம், சூடான பிறகும் நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது உள்ளே தண்ணீர் போகிறது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் காற்றுப் போதவில்லை அல்லது பாரம் அதிகம். கறுப்பைப் பார்த்தவுடன் இன்ஜினைத் திட்டாதீர்கள், ஏர் ஃபில்டரையும் புரொப்பெல்லரையும் பாருங்கள். அடுத்து கடலில் முழு திராட்டில் கொடுத்து, கம்பெனி சொன்ன சுற்றைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடாவிட்டால் அடிப்பக்கம் சுத்தமா, புரொப்பெல்லர் பிட்ச் (இலையின் சாய்வு) அதிகமா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுத்தான் இன்ஜினுக்கு வர வேண்டும். பெரிய புரொப்பெல்லரைப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் இன்ஜினை மூச்சுத்திணற ஓட்டிக் கொன்றவர்கள் நிறைய.

இதற்கெல்லாம் பிறகும் சந்தேகமா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) அளந்து பாருங்கள். எல்லா சிலிண்டரும் ஒன்றுக்கொன்று சுமார் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்த ஒன்றில் என்ன கோளாறு என்று தேடலாம், அதற்காக இரண்டு இன்ஜினையும் குப்பையில் போட வேண்டாம். எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், நான்கு போல்ட் வேலைக்குச் சோம்பேறித்தனம் வேண்டாம். இன்னொன்று, ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்பக் கிராங்க் பண்ணுகிறீர்கள் என்றால் கடல்தண்ணீர் வால்வை மூடிவிட்டுப் பண்ணுங்கள், ஸ்டார்ட் ஆன உடனே மறக்காமல் திறங்கள். மூடாவிட்டால் பம்ப் தள்ளும் தண்ணீர் மஃப்ளர் நிறைந்து பின்னால் சிலிண்டருக்கே வரும். நல்ல இன்ஜின் ஒரே காலையில் போய்விடும்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிளாக்கில் விரிசல், உப்புத்தண்ணீர் பல நாள் உள்ளே நின்று சிலிண்டரை அரித்துவிட்டது, பாகங்களே கிடைப்பதில்லை, இப்படியென்றால் நானே மாற்றச் சொல்வேன். ஸ்லீவ் (சிலிண்டருக்குள் மாட்டும் உறை) போட்ட இன்ஜினாக இருந்தால் பல படகுகளில் இருந்த இடத்திலேயே ஸ்லீவும் பிஸ்டனும் மாற்றிவிடலாம். கேட்டர்பில்லர் 3208 மாதிரி ஸ்லீவ் இல்லாததைப் போர் பண்ண, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்க, கழற்றித்தான் ஆக வேண்டும், அப்போது புதுசுக்குப் போவதா என்று கணக்குப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கணக்கை முழுசாகப் போடுங்கள். புது இன்ஜின் விலை பாதிக்கணக்குதான். கியர்பாக்ஸ் ரேஷியோ மாறினால் புரொப்பெல்லர் மாறும், சில சமயம் ஷாஃப்ட்டும் மாறும், எக்ஸாஸ்ட் குழாய் அளவு, இன்ஜின் பெட், டீசல் ரிட்டர்ன் லைன், வயரிங், மீட்டர், கண்ட்ரோல் கேபிள், எல்லாமே பணம். "டீசல் மிச்சமாகும்" என்பார்கள். பார்ப்போம். இரண்டும் சேர்ந்து மணிக்கு 40 லிட்டர், வருடம் 100 மணி நேரம், 4000 லிட்டர். கால்வாசி மிச்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 1000 லிட்டர். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதே, அந்த விலைக்கே பார்த்தாலும் வருடம் 3350 வெள்ளிதான். இரண்டு லட்சத்தை அதில் எடுக்க அறுபது வருடம் ஆகும். படகை விற்கும்போதும் அந்த இரண்டு லட்சம் விலையில் ஏறாது.

குதிரைத்திறன் ஆசையும் வேண்டாம். நிதானமாக மிதந்து போகும் டிராலர் வகைப் படகுக்கு வேகம் அதன் நீளத்தோடு கட்டுப்பட்டது. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்கள். 36 அடிக்கு 8 நாட் சொச்சம். அதற்கு மேல் இரண்டு மடங்கு இன்ஜின் போட்டாலும் அலைதான் பெரிதாகும், டீசல்தான் குடிக்கும்.

சரி, இப்போது யோசனையில் இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது இதுதான். முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். டாங்கியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள், எப்படியும் புது இன்ஜினுக்கும் அது வேண்டும். எண்ணெய் சாம்பிள் எடுத்து லேப்புக்கு அனுப்புங்கள், இரும்பு, ஈயம், செம்பு, அலுமினியம் எவ்வளவு என்று காகிதத்தில் வரும், சோடியம் ஏறியிருந்தால் கடல்தண்ணீர் உள்ளே போகிறதா என்று உடனே தேடுங்கள். ஒரு தடவை எடுத்தால் பாதி விவரம்தான், அடுத்த எண்ணெய் மாற்றும்போதும் எடுத்து ஒப்பிட வேண்டும். சாம்பிள் பாட்டில் பட்டறையில் வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறி ஓடி நிறுத்தியவுடன், டிப்ஸ்டிக் ஓட்டை வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சுங்கள், அடிமண்டி வேண்டாம், நடுவில் இருக்கும் எண்ணெய் போதும். பாட்டில் மேலே இடப்பக்க இன்ஜினா, வலப்பக்கமா, எத்தனை மணி நேரம் ஓடிய எண்ணெய் என்று எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள்.